மதுவும் பாதுகாப்பு அனுமதியும்: அமெரிக்க அரசு உண்மையில் கேட்பது என்ன?

அமெரிக்காவில் ராணுவத்துக்கோ உளவுத் துறைகளுக்கோ ஒப்பந்த வேலை செய்யும் நிறுவனத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்து, ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’ எனப்படும் பாதுகாப்பு அனுமதிக்கு அவர் விண்ணப்பிக்கப் போகிறார் என்று தெரிந்தால், நண்பர்கள் ஆளுக்கொரு அறிவுரையோடு வந்துவிடுவார்கள். குடிப்பழக்கம் இருந்தால் அனுமதியே கிடைக்காது என்பார் ஒருவர். குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருமுறை பிடிபட்டிருந்தால் கதை முடிந்தது என்பார் இன்னொருவர். குடியை நிறுத்துவதற்காக ஆலோசகரிடம் போனதை மட்டும் வெளியே சொல்லிவிடாதே என்று மூன்றாமவர் தனியாக அழைத்துச் சொல்வார். மூன்றுமே தவறு. முதல் இரண்டும் வீண் அச்சத்தைத் தருவதோடு நின்றுவிடும். மூன்றாவதை நம்புகிறவரோ, கிடைத்திருக்கக்கூடிய அனுமதியைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார்.

குடியுரிமை பெற்று வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களில் இத்தகைய வேலைகளைத் தேடும் தமிழர்களும் இருப்பதால், இந்த விதிகள் எப்படி இயங்குகின்றன என்பதை அடிப்படையிலிருந்து தெளிவாகச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். இது சட்ட ஆலோசனை அன்று, விளக்கம் மட்டுமே.

## பாதுகாப்பு அனுமதி என்பது எது?

வெளியே கசிந்தால் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு விளையும் என்று கருதப்படும் தகவல்களை அமெரிக்க அரசு மூன்று நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கசிவு கேடு விளைவிக்குமானால் அது கான்ஃபிடென்ஷியல். கடுமையான கேடு என்றால் சீக்ரெட். மிகக் கொடிய கேடு என்றால் டாப் சீக்ரெட். ஒருவர் இவற்றில் எந்த நிலை வரையிலான தகவலைப் பார்க்கலாம் என்று அரசு எடுக்கும் முடிவே பாதுகாப்பு அனுமதி. விதிப்படி இது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவருக்கு இது வழங்கப்படுவதில்லை.

இந்த முடிவை எடுப்பதற்கான அளவுகோல்கள் ஏ முதல் எம் வரை பதின்மூன்று நெறிகளாக வகுக்கப்பட்டுள்ளன. இப்போது நடைமுறையில் இருப்பது 2017 ஜூன் 8 முதல் செயல்பாட்டுக்கு வந்த தொகுப்பு. வெளிநாட்டுத் தொடர்பு, கடன், போதைப்பொருள், குற்றச்செயல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நெறி உண்டு. மதுவுக்கு உரியது ‘நெறி ஜி’. அதன் தலைப்பே மது அருந்துதல் என்பதுதான். குடிநோய் என்றோ குடிவெறி என்றோ அதற்குப் பெயர் வைக்கப்படவில்லை.

## சாவியை யாரிடம் கொடுப்பது?

குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். அவர் நல்லவர், திருடமாட்டார் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாலையில் இரண்டு கோப்பை உள்ளே போனதும், கடைத்தெருவில் நின்று யார் வீட்டில் யார் இல்லை என்பதையெல்லாம் ஒப்பிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு என்றால், சாவியை அவரிடம் கொடுக்கத் தயங்குவோம். அந்தத் தயக்கம் அவருக்கு நாம் தரும் தண்டனை அன்று. நேற்று அவர் செய்த எதற்கும் நாம் கணக்குத் தீர்க்கவில்லை; நாளை என்ன நடக்கலாம் என்று கணிக்கிறோம். நம் வீட்டுச் சாவி தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அவருக்குக் கிடையாது.

பாதுகாப்பு அனுமதியின் தர்க்கமும் இதுவேதான். இதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988 பிப்ரவரியில், கடற்படைத் துறைக்கும் ஈகன் என்ற தொழிலாளிக்கும் இடையிலான வழக்கில் வெளிப்படையாகவே சொன்னது. ஈகன் 1981-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டனில், டிரைடென்ட் நீர்மூழ்கிகளைப் பழுது பார்க்கும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பழைய தண்டனைகள் இருந்ததும், அவற்றுள் இரண்டை வேலை விண்ணப்பத்தில் அவர் குறிப்பிடாததும் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டதற்கான காரணங்கள். அவற்றோடு, தனக்கு முன்பு குடிப்பிரச்சினை இருந்ததாகவும், ஒரு தண்டனையின் கடைசி 28 நாட்களைக் குடிமறுவாழ்வுத் திட்டத்தில் கழித்ததாகவும் அவரே சொன்னதும் சேர்ந்துகொண்டது. கடந்த மூன்றாண்டுகளாக மது தனக்குப் பிரச்சினையாக இல்லை என்று அவர் பதில் அளித்தார், அது போதவில்லை. பாதுகாப்பு அனுமதி எவருக்கும் உரிமை ஆகாது என்றும், தவறு நேர்ந்தே தீரும் என்றால் அது மறுக்கும் பக்கமே நேரட்டும் என்றும் நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இன்றும் இத்துறையில் அதிகமாக மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இதுதான்.

சுருக்கமாக: பாதுகாப்பு அனுமதி என்பது எதிர்காலம் பற்றிய கணிப்பு. சந்தேகம் தீரவில்லை என்றால் அது நாட்டுக்குச் சாதகமாகவும் விண்ணப்பதாரருக்குப் பாதகமாகவும் முடியும்.

## நெறி ஜி எதைப் பார்த்துக் கவலைப்படுகிறது?

அளவுக்கு மீறிய குடி, சரியாக யோசிக்கும் திறனையும் தன்னை அடக்கிக்கொள்ளும் திறனையும் குலைக்கிறது என்பதே நெறி ஜி முன்வைக்கும் அடிப்படைக் கவலை. மது சட்டப்படி விற்கப்படும் பொருள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சட்டவிரோதப் போதைப்பொருளைத் தற்போது பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கு அனுமதி வழங்கக் கூடாது என்று 2008-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. மாநிலம் அனுமதித்த கஞ்சாவும்கூட மத்திய சட்டத்தின் பார்வையில் அந்தப் பட்டியலில்தான் வரும். மதுவுக்கு அப்படி ஒரு தடை கிடையாது. வார இறுதியில் நண்பர்களோடு இரண்டு பீர் குடிப்பவரைப் பற்றி நெறி ஜி எதுவும் சொல்வதில்லை.

கவலை தருபவை என்று அது குறிப்பிடுபவை வேறு. முதலாவது, வேலைக்கு வெளியே மதுவால் நேர்ந்த சம்பவங்கள்: குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல், அடிதடி, மனைவியையோ குழந்தையையோ துன்புறுத்துதல், பொது அமைதியைக் கெடுத்தல். இங்கே விதி ஒரு நுணுக்கமான சொற்றொடரைச் சேர்த்திருக்கிறது. ஒருவர் எவ்வளவு அடிக்கடி குடிக்கிறார், அவருக்கு நோய் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா என்பதெல்லாம் பொருட்டல்ல என்கிறது. அதாவது ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் குடிப்பவர், அந்த ஒரு முறையில் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பிடிபட்டாலும் அது கணக்கில் வரும். இரத்தத்தில் மதுவின் அளவு 0.08 விழுக்காட்டை எட்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம் என்பது அமெரிக்க மாநிலங்களின் பொது வரம்பு. யூட்டா மட்டும் அதை 0.05 ஆகக் குறைத்துவிட்டது.

இரண்டாவது, வேலையிடச் சம்பவங்கள்: போதையோடு பணிக்கு வருவதும் பணி நேரத்தில் குடிப்பதும். மூன்றாவது, தீர்மானிக்கும் திறன் மங்கும் அளவுக்கு வழக்கமாகவோ, ஒரே அமர்வில் மட்டுமீறியோ குடிப்பது. எத்தனை கோப்பை என்று நெறி ஜி எண் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்கத் தேசிய மது ஆய்வு நிறுவனம், சுமார் இரண்டு மணி நேரத்தில் ஆண்கள் ஐந்து, பெண்கள் நான்கு கோப்பை குடித்தால் இரத்த அளவு 0.08-ஐ எட்டும் என்று கணக்கிட்டு அதையே மட்டுமீறிய குடி என்கிறது. கல்லூரி நாட்களின் வெள்ளிக்கிழமை இரவுகளை நினைத்துப் பார்க்கிற பலருக்கு இந்த எண் நெருடலாக இருக்கும்.

மற்றவை சிகிச்சையைச் சார்ந்தவை: மதுப் பயன்பாட்டுக் கோளாறு என்று தகுதியுள்ள மருத்துவரோ உளவியலாளரோ கண்டறிந்திருப்பது, அதன் பிறகு சிகிச்சை ஆலோசனையைப் பின்பற்றாமல் விடுவது, குடிக்க வேண்டாம் என்று சொன்ன பின்னும் குடிப்பது, மது தொடர்பான நீதிமன்ற உத்தரவை மீறுவது.

இந்த இடத்தில் பலரும் ஆல்ட்ரிச் ஏம்ஸை இழுத்து வருவார்கள். சிஐஏ அதிகாரியாக இருந்துகொண்டே 1985 முதல் சோவியத் உளவுத் துறைக்குத் தகவல் விற்று, 1994 பிப்ரவரியில் கைதானவர் அவர். அவருடைய குடிப்பழக்கம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரோமில் பணிபுரிந்த காலத்தில், தூதரக விருந்தொன்றில் குடித்துவிட்டு விருந்தினர் ஒருவரோடு சண்டையிட்டு, தெருவில் மயங்கி விழுந்து மருத்துவமனையில் கண்விழித்த சம்பவமும் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் குடித்ததால் அவர் துரோகி ஆனார் என்று சொல்வது சோம்பேறித்தனமான வாதம். அவர் பணத்துக்காக விற்றார். மது பற்றி அந்தக் கதை காட்டுவது வேறொன்று: கண்ணெதிரே நடந்த சம்பவங்களை ‘அவர் எப்போதும் இப்படித்தான்’ என்று மேலதிகாரிகள் தள்ளிவிட்டதால், கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை யாரும் ஆண்டுக்கணக்கில் கேட்கவில்லை.

சுருக்கமாக: குடிக்கிறாரா என்பது கேள்வி இல்லை. குடியால் சம்பவம் நேர்ந்ததா, கட்டுப்பாடு போனதா, போன பிறகு அவர் என்ன செய்தார் என்பவையே கேள்விகள்.

## மருத்துவர் சொல்லும் ‘கோளாறு’

மதுப் பயன்பாட்டுக் கோளாறு என்பது வசைச் சொல் அன்று, மருத்துவக் கணிப்பு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு பதினொரு அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. நினைத்ததைவிட அதிகமாகக் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, குடியால் வேலையோ குடும்பமோ பாதிக்கப்பட்டும் தொடர்வது, நிறுத்தினால் உடல் நடுங்குவது போன்றவை அவற்றுள் சில. பன்னிரண்டு மாதங்களுக்குள் இரண்டு அறிகுறிகள் இருந்தாலே கோளாறு உண்டு என்று கணிக்கலாம். இரண்டு மூன்று என்றால் இலேசானது, நான்கைந்து என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் என்றால் கடுமையானது. அறிகுறிகள் ஓராண்டு தலைகாட்டாமல் இருந்தால் நீடித்த தணிவு என்று மருத்துவர் எழுதலாம். பாதுகாப்பு அனுமதி விசாரணையில் அந்த ஒரு வரிக்குப் பெரிய மதிப்பு உண்டு.

## படிவத்தின் 24-ஆம் பிரிவு

விண்ணப்பதாரர் நெறி ஜி-யை முதலில் சந்திப்பது எஸ்எஃப்-86 என்ற நீண்ட வினாப்படிவத்தில்தான். அதன் 24-ஆம் பிரிவு மதுவுக்குரியது. கடந்த ஏழு ஆண்டுகளில் உங்கள் குடி உங்கள் வேலையையோ, உறவுகளையோ, பண நிலையையோ பாதித்ததா, காவல்துறை தலையிடும்படி ஆனதா என்பது முதல் கேள்வி. மதுவின் காரணமாக ஆலோசனையோ சிகிச்சையோ பெறும்படி உங்களுக்கு உத்தரவிடப்பட்டதா, அறிவுறுத்தப்பட்டதா, நீங்களாகவே நாடினீர்களா என்பவை அடுத்தவை. இவற்றுக்கு ஏழாண்டு வரம்பு இல்லை. எப்போதேனும் என்று கேட்கிறது படிவம்.

ஏழு ஆண்டு, எப்போதேனும் என்ற இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தடுக்கி விழுபவர்கள் உண்டு. காவல்துறைப் பதிவுகளுக்கான 22-ஆம் பிரிவிலும் இதே கதைதான். பொதுவான கைதுகளுக்கு ஏழாண்டு வரம்பு. மதுவோ போதைப்பொருளோ தொடர்புடைய குற்றச்சாட்டு என்றால் வாழ்நாள் முழுவதையும் சொல்ல வேண்டும். முன்னூறு டாலருக்குக் குறைவான போக்குவரத்து அபராதங்களைக் குறிப்பிட வேண்டியதில்லை என்ற சலுகையும் மது கலந்த வழக்குக்குப் பொருந்தாது. வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், பதிவையே அழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். ‘என் வக்கீல் அந்தப் பதிவை அழித்துவிட்டார், இனி அது இல்லை’ என்பது மாநில அளவில் வேலை தேடும்போது உண்மையாக இருக்கலாம். இந்தப் படிவத்துக்கு முன்னால் அது செல்லாது.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? குடி தொடர்பான சிக்கல் நெறி ஜி-யோடு நிற்கும். மறைப்பதோ நேர்மை பற்றிய நெறி ஈ-க்குள் போய்விடும். பத்தாண்டுக்கு முந்தைய ஒரு வண்டி வழக்கைக் காலம் கரைத்துவிடலாம். போன மாதம் கையெழுத்திட்ட படிவத்தில் சொன்ன பொய்யைக் கரைக்க எதுவும் இருக்காது. அறிந்தே பொய் சொல்வது ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய மத்தியக் குற்றமும் ஆகும். கைரேகையும் நீதிமன்றப் பதிவுகளும் சரிபார்க்கப்படும்; டாப் சீக்ரெட் நிலைக்கு அண்டை வீட்டார், உடன் பணிபுரிவோர் எனப் பலரையும் விசாரணையாளர் சந்தித்துப் பேசுவார். மறைத்தது வெளிவரும் வழிகள் இத்தனை இருக்கின்றன.

## கவலையைத் தணிப்பவை

கவலைகளைப் பட்டியலிட்ட அதே நெறி, அவற்றைத் தணிக்கும் காரணங்களையும் அடுத்தபடியாகவே சொல்கிறது. நண்பர்களின் அறிவுரைகளில் விடுபட்டுப் போவது இந்தப் பாதிதான். நான்கு வழிகள் உண்டு. சம்பவம் நடந்து நெடுங்காலம் ஆகியிருக்கலாம், அல்லது மீண்டும் நேராது என்று நம்பும்படி அது அரிதாகவோ அசாதாரணச் சூழலிலோ நடந்திருக்கலாம். தனக்குப் பிரச்சினை இருந்ததை ஒப்புக்கொண்டு, அதிலிருந்து மீள எடுத்த முயற்சிகளுக்குச் சான்று தந்து, குடியைக் குறைத்த அல்லது நிறுத்திய நிலையை நீண்ட நாள் காத்து வருபவராக இருக்கலாம். முன்பு சிகிச்சை பெற்று மீண்டும் வழுக்கியவராக இல்லாமல், இப்போது சிகிச்சையில் திருப்தியாக முன்னேறி வருபவராக இருக்கலாம். சிகிச்சையையும் அதற்குப் பிந்தைய தொடர் கவனிப்பையும் முடித்து, மாறிய பழக்கத்தில் நிலைத்தவராக இருக்கலாம்.

இந்த நான்கில் மூன்று சிகிச்சையையோ சீர்திருந்த எடுத்த முயற்சியையோ விண்ணப்பதாரரின் பக்கம் வைத்து எண்ணுகின்றன. ஆலோசகரிடம் போனதை மறைக்கச் சொல்லும் நண்பர், தன்னை அறியாமலேயே, இருக்கும் நல்ல சாட்சியை ஒளித்துவைக்கச் சொல்கிறார்.

எத்தனை மாதம் குடிக்காமல் இருந்தால் போதும் என்று எல்லோரும் கேட்பார்கள். நிலையான எண் எதுவும் இல்லை. இருபத்தோரு வயதில் ஒரே ஒரு சம்பவம் உள்ளவருக்குத் தேவைப்படும் காலமும், மூன்று முறை கைதாகி இருமுறை சிகிச்சையை இடையில் விட்டவருக்குத் தேவைப்படும் காலமும் ஒன்றாக இருக்க முடியாது. அதனால்தான் முடிவெடுப்பவர், சம்பவத்தின் தன்மை, எவ்வளவு அண்மையில் நடந்தது, அப்போதைய வயதும் முதிர்ச்சியும், திருந்தியதற்கான அடையாளம், யாரேனும் இதை வைத்து மிரட்ட முடியுமா என்பது உட்பட ஒன்பது கூறுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை முழு மனிதர் பார்வை என்கிறார்கள்.

இரண்டு கற்பனை விண்ணப்பதாரர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் எட்டு ஆண்டுகளுக்கு முன், கல்லூரி முடித்த வாரத்தில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர். அபராதம் கட்டி, நீதிமன்றம் சொன்ன வகுப்பை முடித்து, படிவத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அதன்பின் எந்தச் சம்பவமும் இல்லை. இரண்டாமவர் மீது ஒரு வழக்கும் இல்லை. ஆனால் ஈராண்டுக்கு முன் நடுத்தர அளவிலான கோளாறு என்று மருத்துவர் கணித்து, முற்றாக நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அவரோ வார இறுதியில் மட்டும்தானே என்று தொடர்கிறார். ஊர்ப் பேச்சில் முதலாமவர்தான் மாட்டிக்கொண்டவர். நெறி ஜி-யின்படி பெரிய சிக்கலில் இருப்பவர் இரண்டாமவர்.

சுருக்கமாக: காலம், ஒப்புக்கொள்ளுதல், சிகிச்சை, நிலைத்த மாற்றம் ஆகியவை தணிக்கும் காரணங்கள். இவற்றுக்குச் சான்று தரும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

## மறுப்பு எப்படி வருகிறது?

தனியார் ஒப்பந்த நிறுவன ஊழியர் விஷயத்தில், சந்தேகம் தீராவிட்டால் பாதுகாப்புத் துறை முதலில் காரண அறிக்கை ஒன்றை அனுப்பும். எந்த நெறியின் கீழ் எந்த நிகழ்வு கவலை தருகிறது என்று அதில் வரிசையிட்டுச் சொல்லப்பட்டிருக்கும். இருபது நாட்களுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். நேர்முக விசாரணை வேண்டும் என்று கேட்டால் நிர்வாக நீதிபதி ஒருவர் அதை நடத்துவார். மறுக்கப்பட்ட உண்மைகளை நிறுவுவது அரசின் வேலை. நிறுவப்பட்ட பின், தணிக்கும் காரணங்களைக் காட்டுவது விண்ணப்பதாரரின் வேலை. சிகிச்சை நிறைவுக் கடிதம், ஆலோசகரின் மதிப்பீடு, மேலாளரின் சாட்சியம் போன்ற காகிதங்களுக்கு அங்கேதான் உயிர் வருகிறது. ‘இப்போதெல்லாம் நான் குடிப்பதே இல்லை’ என்ற வாய்மொழி மட்டும் அங்கே வெகு தூரம் போகாது. முடிவு பாதகமானால் மேல்முறையீட்டு வாரியம் ஒன்றும் இருக்கிறது.

## கிடைத்த பிறகு

அனுமதி கிடைத்ததோடு விஷயம் முடிவதில்லை. முன்பு டாப் சீக்ரெட்டுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, சீக்ரெட்டுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை என மறுவிசாரணை நடந்துவந்தது. இப்போது பதிவுகளைத் தானாகவே தொடர்ந்து சோதிக்கும் முறை அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது; சனிக்கிழமை இரவுக் கைது அடுத்த மறுவிசாரணை வரை காத்திருக்காது. கைதானாலும், மது தொடர்பான சிகிச்சையில் சேர்ந்தாலும் அனுமதி பெற்றவரே தன் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. அப்படித் தானாக முன்வந்து சொன்னாரா, உண்மையை முழுதாகச் சொன்னாரா, உதவியை நாடினாரா என்பவை அனுமதியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும்போது அவருக்குச் சாதகமாக எடைபோடப்படும்.

மறுக்கப்பட்ட ஒப்பந்த ஊழியரும் முடிவு வெளியான நாளிலிருந்து ஓராண்டு கழித்து, நிறுவனம் ஒன்று முன்மொழிந்தால், மீண்டும் விண்ணப்பிக்கலாம். அப்போது புதிய படிவத்தோடு, முன்பு மறுக்கப்பட்டதற்கான காரணங்கள் ஒவ்வொன்றும் இந்த இடைக்காலத்தில் எப்படித் தீர்ந்தன என்பதற்கான ஆவணங்களும் போக வேண்டும். எனவே சிகிச்சையில் சேர்ந்த தேதி, ஆலோசகரைச் சந்தித்த நாட்கள், பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகல்களை முதல் மாதத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது நல்லது.